ஈயம் இல்லாத காரீயம்

1996ஆம் ஆண்டில் கொழும்பிலிருந்து வெளியான ஒரு தமிழ் நாளிதழில் நான் உதவி ஆசிரியனாக இருந்தேன். கேகாலை மாவட்டத்திலுள்ள போகல காரீயச் சுரங்கத்தைப் பார்த்துவந்து ஞாயிறு இதழுக்கு ஒரு விவரணக் கட்டுரை எழுதுமாறு ஆசிரிய பீடத்தில் பணித்தார்கள். அப்போது எனக்கு 26 வயது. பல்கலைக்கழகத்தில் கலைப் பட்டம் பெற்றவன். விஞ்ஞானத்தைச் சாதாரண தரப் பரீட்சையோடு கைகழுவிவிட்டவன்.

கூண்டில் ஏற்றி நிலத்துக்குள் இறக்கினார்கள். அங்கே ஆழத்தை மீற்றரில் சொல்வதில்லை, பாகக் கணக்கில்தான் சொல்வார்கள். எங்கள் கரையோரத்து மீனவர்கள் கடலாழத்தை அளக்கின்ற அதே பாகம். மலையடியில் அந்தச் சொல்லைக் கேட்டது எனக்கு வியப்பாக இருந்தது. பாறைக்கு நடுவே, விளக்கு வெளிச்சம் பட்ட இடமெல்லாம் மினுமினுத்துக்கொண்டு, கறுப்பு நாடா போல ஓடியது காரீயப் படை. ஒரு தொழிலாளி கைப்பிடியளவு கட்டியொன்றைப் பெயர்த்து என்னிடம் தந்தார். கொழும்புக்குத் திரும்பும் வழியில், சோதனைச் சாவடியொன்றில் பையைத் திறந்து காட்டியபோது சிப்பாய் ஒருவர் அதை எடுத்து உருட்டிப் பார்த்தார். விரல்கள் கறுத்தன. "மினிரன்" என்று சிங்களத்தில் சொல்லிச் சிரித்துவிட்டுத் திருப்பித் தந்தார். அந்நாளில் சாவடிகளில் எனக்குக் கிடைத்த சிரிப்புகள் மிகக் குறைவு. ஆதலால் இது நன்றாக நினைவிருக்கிறது.

கட்டுரை வெளியாயிற்று. அதில் ஒரு வசனம்: காரீயம் என்பது ஈயக் கனியத்தின் ஒரு வகை.

அடுத்த வாரம் ஒரு கடிதம் வந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் தங்கியிருந்த ஓய்வுபெற்ற இரசாயன ஆசிரியர் ஒருவர் எழுதியிருந்தார். இரண்டு பக்கங்கள், முழுவதும் பென்சிலால். காரீயத்தில் ஈயம் அணுவளவும் இல்லை, அது முற்றுமுழுதாகக் காபன், கரியும் வைரமும் எதுவோ அதுவே இதுவும், என்பது கடிதத்தின் சாரம். கடைசியில், இக்கடிதத்தை எழுதிய பென்சிலுக்குள் இருப்பதும் அதுதான் என்று ஒரு வரி சேர்த்திருந்தார். இரண்டு வரியில் திருத்தம் வெளியிட்டோம். எனக்கு மனம் ஆறவில்லை. முகவரியைக் கேட்டுக்கொண்டு அவரைத் தேடிப் போனேன். அன்று தொடங்கிய வாசிப்பின் பயனே இக்கட்டுரை.

முதலில் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழகத்தில் காரீயம் என்றால் ஈயம் என்ற உலோகம். வெள்ளீயத்திலிருந்து பிரித்துச் சொல்வதற்காக அப்படி வழங்குகிறார்கள். இலங்கையில் நாம் பூமிசாத்திரப் பாடத்திலிருந்தே கிரபைற்றைக் காரீயம் என்று படித்துவந்திருக்கிறோம். பென்சிற்கரி என்ற நல்ல சொல் இரசாயன வகுப்போடு நின்றுவிட்டது. கறுப்பு நிறமும் உலோகப் பளபளப்பும் கொண்டு, தாளில் கோடு இழுக்கிற எதையும் ஈயத்தின் உறவென்று கருதியது நம் பிழை மாத்திரம் அன்று. ஐரோப்பியரும் இதைக் கறுப்பு ஈயம் என்றே அழைத்தார்கள். இலத்தீன் மொழியில் ஈயத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்ததே பிளம்பேகோ. ஆங்கிலேய அரசின் ஏற்றுமதிப் பதிவுகளில் எங்கள் காரீயம் அந்தப் பெயரிலேயே இருக்கிறது. பென்சிலின் உள்ளிருப்பதை ஆங்கிலம் பேசுவோர் இன்றைக்கும் ஈயம் என்றே சொல்கிறார்கள். நான் செய்த பிழைக்கு நானூறு வருட வரலாறு உண்டு என்று அறிந்தபோது சற்று ஆறுதலாக இருந்ததை மறைப்பானேன்.

இங்கிலாந்தின் வடமேற்கிலுள்ள பொரோடேல் பள்ளத்தாக்கில் 16ஆம் நூற்றாண்டில் தூய காரீயம் கண்டெடுக்கப்பட்டது. ஆட்டு மந்தைகளுக்குக் குறியிடுவதற்கு இடையர் அதைப் பயன்படுத்தினர். மரத்துக்குள் பொதிந்து எழுதும் கருவியொன்றை 1565இல் சூரிச் நகரத்து அறிஞர் கொன்ராட் கெஸ்னர் தமது நூலில் படத்தோடு விவரித்தார். பீரங்கிக் குண்டு வார்க்கும் அச்சுகளின் உட்புறத்தில் பூசவும் காரீயம் வேண்டியிருந்தது. அதன் பெறுமதி எவ்வளவு உயர்ந்தது என்றால், அந்தச் சுரங்கத்தில் களவெடுப்பதைக் கடுங்குற்றமாக்கி 1752இல் பிரித்தானியப் பாராளுமன்றம் தனிச் சட்டமே இயற்றியது. ஆயினும் கையிலிருக்கும் பொருள் எதுவென்று அங்கே எவருக்கும் தெரியாது.

அதைத் தெரிந்து சொன்னவர் சுவீடனில் மருந்துக்கடை நடத்திய கார்ல் வில்லெம் ஷீல. கறுப்பாக, வழுவழுப்பாக, தாளில் எழுதக்கூடியதாக இருந்த இரண்டு கனியங்களை அக்காலத்தவர் ஒன்றெனவே கருதினர். 1778இலும் 1779இலும் ஷீல அவ்விரண்டையும் தனித்தனியே சோதித்தார். ஒன்று கந்தகமும் அதுவரை அறியப்படாத ஓர் உலோகமும் சேர்ந்தது. அவ்வுலோகமே பின்னர் மொலிப்டினம் எனப் பெயர் பெற்றது. மற்றையது வெடியுப்போடு சேர்த்துச் சூடாக்கியபோது காபனீரொட்சைட்டைத் தந்தது. ஆகவே அது கரியின் இனம். எழுதுதல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து 1789இல் ஜேர்மனியரான வேர்னர் அதற்குக் கிரபைற் என்று பெயரிட்டார். முற்றிலும் வேறான மூலகங்களால் ஆன இரு பொருள்கள் கைக்கும் கண்ணுக்கும் ஒன்றுபோலவே ஏன் தோன்றின என்ற கேள்வியை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பின்னால் வருவேன்.

இதற்கிடையில் வைரத்தின் கதை வேறு திசையில் ஓடிக்கொண்டிருந்தது. 1772இல் பரிசில் லவோசியே பெரிய வில்லையொன்றினால் சூரிய ஒளியைக் குவித்து வைரத்தை எரித்தார். கரி எரிந்தால் வரும் அதே வாயு வந்தது. 1797இல் இங்கிலாந்தில் சிமித்சன் ரெனன்ற் பொன் குழாய்க்குள் வைரத்தையும் வெடியுப்பையும் இட்டுச் சூடாக்கி, வெளிவந்த வாயுவை அளந்தார். ஒரே நிறையுள்ள கரி தரும் அளவும் வைரம் தரும் அளவும் ஒன்றாகவே இருந்தன. 1814இல் ஹம்ப்ரி டேவி தம் உதவியாளரான 22 வயது மைக்கல் பரடேயோடு புளோரன்சு நகருக்குப் போனபோது, தஸ்கனிக் கோமகனுக்குச் சொந்தமான வில்லையைக் கொண்டு வைரத்தை மீண்டும் எரித்துப் பார்த்தார். விடை மாறவில்லை. அரசர் முடியில் இருப்பதும் அடுப்புக்கரியும் ஆட்டின் முதுகிற் போட்ட கோடும் ஒரே மூலகம்.

இந்த விடை உண்மையில் பெரியதொரு சங்கடமாயிற்று. ஒரு பொருளின் குணம் அது எதனால் ஆனது என்பதிலிருந்து வருகிறது என்றுதான் அதுவரை எல்லோரும் எண்ணியிருந்தனர். வைரமோ உலகின் மிகக் கடினமான கனியம், ஒளியை ஊடுசெல்ல விடுவது, மின்னைக் கடத்தாதது. காரீயமோ நகத்தாற் கீறக்கூடியது, ஒளி புகாதது, மின்னை நன்கு கடத்துவது. 1840களின் தொடக்கத்தில் பேர்சேலியஸ் இந்நிலைமைக்குப் பிறதிருப்பம் என்று நம் பாடநூல்கள் மொழிபெயர்க்கும் பெயரைச் சூட்டினார். பெயர் சூட்டினாரே ஒழியக் காரணம் சொல்லவில்லை. காரணம் வருவதற்கு இன்னும் எழுபது ஆண்டுகள் ஆயின.

1913இல் வில்லியம் ஹென்றி பிராக்கும் அவருடைய மகன் லோறன்ஸ் பிராக்கும் எக்ஸ் கதிர்களை வைரத்தின் மீது செலுத்தி, அவை சிதறிய கோணங்களிலிருந்து அணுக்கள் இருக்கும் இடங்களைக் கணித்தனர். ஒவ்வொரு காபன் அணுவும் நான்கு அயல் அணுக்களால், நான்முகியொன்றின் மூலைகளில் நிற்பதுபோலச் சூழப்பட்டிருந்தது. அப்படித்தான் இருக்கவேண்டும் என்று 1874இலேயே வான்ற் ஹொவ்வும் லெபெலும் வெறும் தர்க்கத்தினால் ஊகித்திருந்தனர். காரீயத்தின் அமைப்பைத் தனிப் பளிங்கில் அளந்து 1924இல் வெளியிட்டவர் மூத்த பிராக்கின் ஆய்வுகூடத்திலிருந்த இளைஞர் ஜே. டி. பேர்ணல். அங்கே நான்முகி இல்லை. அறுகோணங்கள் தேன்வதை போல இணைந்த தட்டையான தாள்கள், ஒன்றின்மேல் ஒன்றாக.

அந்த வெள்ளவத்தை லொட்ஜ் அறையில் ஆசிரியர் இதை எனக்கு விளக்கியதற்கு இணையான விளக்கத்தை நான் எந்த நூலிலும் காணவில்லை. மூலையில் பழைய பத்திரிகைகள் ஒரு கட்டாக இருந்தன. "தம்பி, உங்கட பத்திரிகைதான், கட்டை அவிழுங்கோ" என்றார். அவிழ்த்தேன். மேலிருந்த கட்டை உள்ளங்கையால் தள்ளச் சொன்னார். தாள்கள் வழுக்கிச் சரிந்தன. "இப்ப ஒரு தாளை எடுத்து, கிழிக்காமல் இரண்டு பக்கமும் இழுத்து நீட்டிப் பாருங்கோ." நீளவில்லை. தாளுக்குள் வலிமை, தாள்களுக்கிடையே பலவீனம், இவ்வளவுதான் காரீயம், என்றார்.

பின்னர் எண்களைச் சொன்னார். ஒரு மில்லிமீற்றரைக் கோடி கூறாகப் பிரித்தால் ஒரு கூறு ஓர் அங்ஸ்ரம். காரீயத் தாளுக்குள் அடுத்தடுத்த அணுக்களின் இடைவெளி 1.42 அங்ஸ்ரம். ஒரு தாளுக்கும் அடுத்த தாளுக்கும் இடைவெளி 3.35 அங்ஸ்ரம். வைரத்தில் எத்திசையிலும் 1.54. இந்த எண்களைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தபோது என் பேனா நின்றது. காரீயத்தினுள் அணுக்கள் வைரத்தைவிட நெருக்கமாக இருக்கின்றனவே என்றேன். ஆசிரியரின் முகம் மலர்ந்தது. ஆம், மென்மையானது என்று நாம் எண்ணும் காரீயத்தின் தாளுக்குள் இருக்கும் பிணைப்பு வைரத்தின் பிணைப்பிலும் வலியது. விரலில் ஒட்டும்போது நாம் அந்தப் பிணைப்பை அறுப்பதில்லை. தாளைத் தாளிலிருந்து பெயர்க்கிறோம்.

காபன் அணுவுக்குப் பிணைப்பில் ஈடுபடக்கூடிய இலத்திரன்கள் நான்கு. வைரத்தில் நான்கும் நான்கு அயலாரோடு பங்கிடப்பட்டு, பூட்டிய பெட்டிபோல இருக்கின்றன. அவற்றைப் பெயர்த்து மேலேற்றக் கட்புலனாகும் ஒளிக்கு வலு போதாது. ஒளி தடையின்றிச் செல்கிறது, வைரம் தெளிவாக இருக்கிறது. அசையக்கூடிய இலத்திரன் இல்லாததால் மின்னும் கடப்பதில்லை. காரீயத்தில் மூன்று இலத்திரன்கள் தாளுக்குள் பிணைப்பை ஏற்படுத்த, நான்காவது எவருக்கும் சொந்தமின்றித் தாள் முழுவதும் உலாவுகிறது. மின்னைக் கடத்துவது அதுவே. எல்லா நிற ஒளியையும் உள்வாங்கிக் கறுப்பும் பளபளப்பும் தருவதும் அதுவே. ஆனால் அந்த உலாவல் தாளோடு நின்றுவிடுகிறது. ஒரு தாளிலிருந்து மற்றதற்குத் தாவுவது அரிது.

இதைச் சோதித்துக் காட்டியவர்களுள் ஒருவர் தமிழர் என்பதை ஆசிரியர் சொல்லித்தான் அறிந்தேன். வத்திராயிருப்பில் 1898இல் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன், இராமனோடு 1928இல் ஒளிச்சிதறல் ஆய்வில் ஈடுபட்டவர். 1930களில் அவர் கல்கத்தாவில் காரீயப் பளிங்குகளின் காந்த இயல்பை ஒவ்வொரு திசையிலும் அளந்தார். தாளுக்குச் செங்குத்தான திசையில் அது பன்மடங்கு அதிகமாக இருந்தது. 1939இல் அவரும் கங்குலியும் மின் கடத்தலை அளந்தபோது தாளின் வழியே செல்வதற்கும் குறுக்கே செல்வதற்கும் இடையே மிகப் பெரிய வேறுபாடு இருப்பதை அறிவித்தனர். ஒரே கல், ஒரே மூலகம், திசை மாறினால் குணம் மாறுகிறது. இராமனுக்குக் கிடைத்த புகழில் ஒரு பங்குகூடக் கிருஷ்ணனுக்குக் கிடைக்கவில்லை என்பது என் நெடுநாளைய ஆதங்கம். அது வேறு கட்டுரைக்குரியது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். மேலே சொன்ன எண்கள் எதுவும் தெரியாத காலத்திலேயே அவற்றின் பயனை உலகச் சந்தை கண்டுகொண்டது. அதன் விலையை இலங்கையின் கிராமத்தவர் தம் உடலால் கொடுத்தனர்.

பொன் உருக்கும் தட்டாரின் மூசையை நாம் அறிவோம். 19ஆம் நூற்றாண்டின் தொழிற்சாலைகளுக்கு அதைப்போல் நூறு மடங்கு பெரிய மூசைகள் வேண்டியிருந்தன. வெறும் களிமண் மூசை உலையிலிருந்து எடுத்தவுடன் குளிர்ந்த காற்றுப் பட்டால் வெடித்துவிடும். களிமண்ணோடு காரீயம் சேர்த்தால் வெடிக்காது. தாளின் வழியே வெப்பம் விரைந்து பரவுவதால் மூசையின் ஒரு பக்கம் சூடாகவும் மறுபக்கம் குளிராகவும் நிற்பதில்லை. தாளுக்குள் இருக்கும் வலிய பிணைப்பினால் காரீயம் உருகுவதில்லை. உருகிய உலோகம் அதில் இலகுவில் ஒட்டுவதுமில்லை. 1856இல் இலண்டனின் பற்றர்சீயில் மோகன் சகோதரர்கள் காரீய மூசைத் தொழிற்சாலையைத் தொடங்கினர். அமெரிக்காவில் ஜோசப் டிக்சனின் நிறுவனம் அதே தொழிலில் இருந்தது. இவர்கள் விரும்பிக் கேட்டது இலங்கைக் காரீயத்தையே. மற்ற நாடுகளில் காரீயம் பெரும்பாலும் பாறைக்குள் செதில் செதிலாகச் சிதறிக் கிடக்கும். இங்கே மட்டும் பாறை வெடிப்புகளில் காபன் நிறைந்த பாய்மங்கள் ஏறிப் படிந்ததால், நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்ட தூய்மையுடன் கட்டியாகக் கிடைத்தது.

பெரிய இயந்திரங்கள் வருமுன் அதை எப்படி எடுத்தார்கள்? காட்டுமரக் கம்புகளைக் கொடியால் கட்டிய ஏணிகளில் இறங்கினார்கள். காரீயத் தூள் படிந்த ஏணிப்படி எப்படி வழுக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. தாள்களுக்கிடையே உள்ள பலவீனந்தான் அது, ஆய்வுகூடத்தில் விந்தை, ஏணியில் மரணம். மரத்தாலான கையுருளையைச் சுழற்றிக் கூடையில் மேலே இழுத்தார்கள். குழியில் தேங்கிய நீரையும் அப்படியே இறைத்தார்கள். கொழும்புக்கு வந்த காரீயத்தைக் கொட்டில்களில் பெண்கள் கையால் தெரிந்து, சல்லடையில் சலித்து, கட்டி, துண்டு, தூள் என்று தரம்பிரித்தனர். பழைய புகைப்படங்களில் அவர்களைக் காணலாம். முகம் முதல் பாதம் வரை பளபளக்கும் கறுப்பு. அந்தப் படங்களில் ஒருவருக்கும் பெயர் இல்லை.

மூசைகளின் தேவை முதலாம் உலகப் போரில் உச்சத்தைத் தொட்டது. தோட்டா உறைகளுக்கான பித்தளையை உருக்கக் காரீய மூசைகளே வேண்டியிருந்தன. 1916இல் இலங்கையின் ஏற்றுமதி 30,000 தொன்னைத் தாண்டியது. போர் ஓய்ந்ததும் விலை விழுந்தது. மடகஸ்காரிலிருந்து மலிவான செதிற் காரீயம் வந்தது. மின்னுலைகள் பரவி மூசையின் இடத்தைப் பிடித்தன. அமெரிக்கரான எட்வேட் அச்சன் 1896இலேயே செயற்கைக் காரீயத்துக்குக் காப்புரிமம் பெற்றிருந்தார். சிலிக்கனும் காபனும் சேர்ந்த பொருளை மிகை வெப்பத்துக்கு உட்படுத்தியபோது சிலிக்கன் ஆவியாகப் போய், எஞ்சிய காபன் தானாகவே தாள்தாளாக அடுக்கிக்கொண்டதை அவர் கண்டிருந்தார். மின்வாய்கள் செய்வதற்கு இனி இலங்கைக்கு வரவேண்டிய தேவை இருக்கவில்லை. குழிகள் ஒவ்வொன்றாகக் கைவிடப்பட்டன.

செல்வம் எங்கே போயிற்று என்பதையும் பத்திரிகையாளன் கேட்கவே வேண்டும். முதலாவது பிரதமர் டி. எஸ். சேனநாயக்காவின் தந்தை டொன் ஸ்பேட்டரின் செல்வம் காரீயத்தில் பிறந்தது. 1953இல் பிரதமரான சேர் ஜோன் கொத்தலாவலையின் குடும்பம் குருநாகல் மாவட்டத்துக் கஹட்டகஹ சுரங்கத்தோடு தொடர்புடையது. மதுவிலக்கு இயக்கத்திலும் அதன்பின் சுதந்திர இலங்கையின் அரசியலிலும் முன்னின்ற குடும்பங்கள் சிலவற்றின் அத்திவாரத்தில் காபன் தாள்கள் கிடக்கின்றன. இவற்றின் வழிவந்த அரசியல் நம்மை எங்கே கொண்டுவந்து நிறுத்தியது என்பது வாசகர்கள் அறியாததன்று. 1971இல் சுரங்கங்கள் அரசுடைமையாக்கப்பட்டன. பின்னர் போகல தனியார் கைக்குப் போனது, கஹட்டகஹ அரசிடமே உள்ளது.

தாள் வழுக்குகிறது, அதனால் காரீயம் உராய்வை நீக்குகிறது என்பது பாடநூல் விளக்கம். நானும் பல காலம் அதை நம்பியிருந்தேன். அது முழு உண்மை அல்ல. இரண்டாம் உலகப் போரில் மிக உயரத்தில் பறந்த விமானங்களின் மின்மோட்டர்களில் இருந்த காபன் தூரிகைகள் சில மணி நேரத்துக்குள் தூளாகத் தேய்ந்துபோயின. தரையில் அவையே மாதக்கணக்கில் உழைத்தன. அமெரிக்காவின் ஜெனரல் எலக்ரிக் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ஆர். எச். சவேஜ் 1948இல் காரணத்தை வெளியிட்டார். உயரத்துக் காற்றில் நீராவி இல்லை. காரீயத் தாளின் ஓரத்திலுள்ள அணுக்கள் பிணைய ஆளில்லாமல் திறந்து நிற்பவை. நம் சூழலிலுள்ள நீராவி அவற்றில் படிந்து அடக்கிவைக்கிறது. நீராவி அற்ற இடத்தில் ஓரம் ஓரத்தோடு பற்றிக்கொள்ள, வழுக்கவேண்டிய பொருள் அரமாக மாறிவிடுகிறது.

இங்கேதான் ஷீல பிரித்தெடுத்த மற்றக் கனியம் திரும்ப வருகிறது. மொலிப்டினமும் கந்தகமும் சேர்ந்த அதுவும் தாள்தாளான அமைப்பே. மூலகங்கள் வேறாயினும் அடுக்கிய விதம் ஒத்திருந்ததாலேயே இரண்டும் கைக்கு ஒன்றாகத் தோன்றின. ஆனால் அதன் ஒவ்வொரு தாளின் இருபுறமும் கந்தக அணுக்கள் போர்த்து நிற்கின்றன. அவற்றுக்கு வேறெவரோடும் பிணையும் நாட்டமில்லை. ஆகவே வெற்றிடத்திலும் அது வழுக்குகிறது. விண்கலங்களின் அச்சுகளில் காரீயத்தை விடுத்து இதைப் பூசுவது அதனாலேயே. ஆக, அடுக்கு மட்டும் போதாது. தாளின் முகத்தில் நிற்பது யார், ஓரத்தில் நிற்பது யார் என்பதும் கணக்கில் வருகிறது.

அடுக்குக் குலைந்தால் என்ன நேரும் என்பதை 1957 ஒக்டோபரில் இங்கிலாந்தின் வின்ட்ஸ்கேல் காட்டியது. அங்கே அணு உலையின் உள்ளே நியூத்திரன்களின் வேகத்தைத் தணிக்கக் காரீயப் பாளங்கள் அடுக்கப்பட்டிருந்தன. நியூத்திரன்கள் மோதி மோதிக் காபன் அணுக்களை அவற்றின் இடத்திலிருந்து பெயர்த்துத் தாள்களுக்கிடையே செருகிவிடும். இழுத்துப் பிடித்த வில்லில் போல அங்கே வலு தேங்கும். இதை இயூஜின் விக்னர் முன்னரே எச்சரித்திருந்தார். உலையைச் சூடாக்கி அணுக்களை மெல்ல அவற்றின் இடத்துக்குத் திரும்பவைப்பது வழக்கமாக இருந்தது. அம்முறை அந்தச் சூடாக்கல் கைமீறி உலை தீப்பற்றியது. கதிரியக்க அயடீன் காற்றில் கலந்தது. ஏறத்தாழ 500 சதுர கிலோமீற்றர்ப் பரப்பிலிருந்த பண்ணைகளின் பால் வாரக்கணக்கில் கொட்டப்பட்டது. பாலைக் கொட்டிய விவசாயிக்கு, தாளிலிருந்து விலகிய ஓர் அணுவோடு தனக்கிருந்த தொடர்பை யார் விளக்கியிருப்பார்கள்?

றொசலின்ட் பிராங்ளினின் பெயரை டீ.என்.ஏ. விவகாரத்தில் மட்டும் அறிந்தவர்களுக்கு ஒரு செய்தி. அவர் அதற்கு முன்னர் நிலக்கரியை ஆராய்ந்தவர். சில கரிகளை 3,000 பாகை வரை சூடாக்கினால் காரீயமாகின்றன, சில எவ்வளவு சூடாக்கினாலும் ஆவதில்லை, தொடக்கத்திலேயே தாள்கள் தாறுமாறாகக் குறுக்கே பிணைந்திருப்பதே காரணம், என்று 1951இல் நிறுவினார். காரீயத்தை வைரமாக்கும் முயற்சியும் அக்காலத்தில்தான் கைகூடியது. ஜெனரல் எலக்ரிக் நிறுவனம் 1955இல் அறிவித்தது. இன்று தொழிற்சாலைகளில் வளிமண்டல அமுக்கத்தின் ஏறக்குறைய 50,000 மடங்கு அமுக்கத்தில் அது நாளாந்த வேலை. சாதாரண அமுக்கத்தில் உண்மையில் நிலையானது காரீயமே. மோதிரத்து வைரமும் காரீயமாகவே விரும்புகிறது. பிணைப்புகளை அறுத்துக்கொண்டு மாறுவதற்கு வேண்டிய வலு அதற்குக் கிடைக்காததால் அப்படியே இருக்கிறது. நகைக்கடைக்காரர்கள் அஞ்ச வேண்டியதில்லை.

இன்று காரீயத்துக்கு மீண்டும் மவுசு வந்திருப்பது பற்றரியால். கைத்தொலைபேசி முதல் மோட்டார் வாகனம் வரை, மின்னை ஏற்றும்போது இலித்தியம் காரீயத் தாள்களுக்கிடையே புகுந்து தங்குகிறது. ஆறு காபன் அணுவுக்கு ஓர் இலித்தியம் என்பது கணக்கு. 3.35 அங்ஸ்ரம் இடைவெளி 3.7 வரை விரிந்து கொடுக்கிறது. மின்னை எடுக்கும்போது இலித்தியம் வெளியேறத் தாள்கள் பழையபடி நெருங்குகின்றன. 1991இல் விற்பனைக்கு வந்த முதலாவது இலித்தியம் அயன் பற்றரியில் காரீயம் இருக்கவில்லை. அன்றைய திரவம் இலித்தியத்தோடு தானும் தாள்களுக்கிடையே புகுந்து அவற்றை உரித்துவிடும். அதனால் ஒழுங்கு குறைந்த காபனையே வைத்தார்கள். திரவத்தை மாற்றிய பின்னரே காரீயம் உள்ளே வந்தது. இதற்கான காரீயத்தைப் பதப்படுத்துவதில் முன்னிற்பது சீனா. 2023 டிசம்பரில் அது ஏற்றுமதிக்கு அனுமதிக் கட்டுப்பாடு விதித்தபோது பல நாடுகள் கலங்கின. இலங்கை ஆண்டுக்குச் சில ஆயிரம் தொன்னுக்கு மேல் எடுப்பதில்லை. எடுப்பதிற் பெரும்பகுதி தூளாகவும் கட்டியாகவுமே கப்பலேறுகிறது. கொழும்புக் கொட்டில்களில் பெண்கள் சலித்த காலத்துக்கும் இதற்கும் உள்ள தூரம் நான் விரும்புகிற அளவுக்கு அதிகமில்லை.

2004இல் மன்செஸ்ரர் பல்கலைக்கழகத்தில் அன்றே கைம்மும் கொன்ஸ்ரன்ரின் நொவொசெலவும் சாதாரண ஒட்டு நாடாவினால் காரீயத்தை உரித்து உரித்து, ஓர் அணுத் தடிப்புள்ள ஒற்றைத் தாளைத் தனியே எடுத்தனர். கிரபீன் என்பது அதன் பெயர். 2010இல் பௌதிகவியல் நோபல் பரிசு அவர்களுக்குக் கிடைத்தபோது நான் ஒரு பத்தி எழுதினேன். மறுநாள் ரொறன்ரோவிலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. ஆசிரியர் பிள்ளைகளோடு அங்கே போய்ச் சேர்ந்து பல வருடங்களாகியிருந்தன.

"தம்பி, இந்த முறை பிழை இல்லை" என்றார். பிறகு, சுரங்கத்திலிருந்து கொண்டுவந்த அந்தக் கல் இன்னும் இருக்கிறதா என்று கேட்டார்.

மேசையில் கடதாசி பறக்காமல் வைத்திருக்கிறேன் சேர், தொட்டால் இன்றைக்கும் கை கறுக்கிறது என்றேன்.

"எத்தனை தாள் எண்டு எண்ணிச் சொல்லுங்கோ" என்று சிரித்தார்.